நாலு விரல் படி

கூடத்திலிருந்து குசினிக்கு இறங்குகிற இடத்தில்
நாலு விரல் உயரத்தில் ஒரு படி.
முதன்முறை வருகிற எல்லாரும் அதில் தடக்குவார்கள்:
காஸ் சிலிண்டர் கொண்டுவந்த பொடியன்,
கிராம சேவகர்,
என்னைப் பார்க்க வந்த களுவாஞ்சிக்குடி மாப்பிள்ளையின் தாய்.
அம்மா சிரிக்காமல் சொல்வா,
"வீடு ஆளைப் பாக்குது."

நேற்றிரவு கரண்ட் போயிற்று.
சாப்பிட்ட கையோடு சுகிர்தன் எழும்பினான்.
இருட்டில் அவன் கால்
அந்த இடத்தில் தயங்கவேயில்லை.
இறங்கி, இடப்பக்கம் திரும்பி,
குழாயைத் திறந்த சத்தம் கேட்டது.
எங்கள் வீட்டுக்கு அவன் வந்தது அதுதான் முதல் தரம்.

என் உள்ளங்கைக்குள் நெருப்புப்பெட்டி
வேர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.

பிரதேச செயலகத்தில், ஆறு மாதத்துக்கு முன்,
என் மேசைக்கு வந்தான்.
மரண அத்தாட்சிப் பத்திரம், பிரதி ஒன்று.
"ஆருட?"
"எனக்குத் தெரிஞ்ச ஒரு பொடியன்ட. ஆறு வயசு."
படிவத்தை நீட்டியவன்
மேசையில் என் பெயர்ப்பலகையை வாசித்தான்.
நீட்டிய கையை மடக்கினான்.
"வேணா. தேத்தண்ணி குடிப்பமா?"

வந்த அலுவலையே ஒருவன் மறக்கிற அளவுக்கு
என் முகத்தில் ஏதோ இருக்கிறது என்று
அன்றைக்கு நான் கண்ணாடி பார்த்தேன்.

இறால் அவனுக்கு ஒத்துக்காது, தொண்டை வீங்கும்.
அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.
யார் வந்தாலும் அம்மாவுக்கு இறால்தான்,
வாவி இறால், முதற்பால் விட்டு.
நேற்று கோழி. கத்தரிக்காய். பருப்பு.
"சந்தையில இறால் கிடைக்கல்ல."
காலையில் சந்தைக்குப் போனவள் நான்.
கிடந்தது, கூடை கூடையாய்,
மீசை அசைந்தபடி.

விசிறி திருத்த வந்தவனிடமும்
"மனே, நீங்க என்ன குடி?" என்று கேட்கிறவ.
ஒரே குடி என்றால் அண்ணன் தங்கச்சி.
அதற்குமேல் பேச்சில்லை.
அவனைக் கேட்கவேயில்லை.
சோறு போட்டா, கறி போட்டா,
முகத்தைப் பார்க்காமல்
அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தா.

இந்த வீடு பெரியம்மாவின் சீதனம்.
மார்கழி இருபத்தாறு, ஞாயிறு,
மகனைக் கூட்டிக்கொண்டு நாவலடிக்குப் போனா.
பெரியம்மாவை அன்று பின்னேரமே எடுத்தார்கள்.
மகனை மூன்றாம் நாள் அம்மா அடையாளம் காட்டினா,
ஆஸ்பத்திரி விறாந்தை வரிசையில்
முகம் மிச்சமில்லாத ஒரு பிள்ளையை,
விரல் நீட்டி,
"இதுதான்."
அடுத்த வருசமே உறுதி அம்மாவின் பெயருக்கு வந்தது.
பிறகு எனக்கு வரும்.

எனக்கு அப்போது நாலு வயது.
"ஒண்டும் ஞாபகமில்ல" என்று
யாரும் கேட்காதபோதே சொல்லிச் சொல்லிப் பழகியவள்.
என் முழங்கைக்குக் கீழே
சின்னப் பற்களின் தடம் ஒன்று உண்டு.
அவன் முதன்முதல் முத்தமிட்டது
அதைத்தான்.

கரண்ட் வந்தது.
மோட்டார் சைக்கிளில் திறப்பைப் போட்டு
படலையடியில் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அம்மா வாசலில்.
இரவு முழுக்க அவன் அவவை
மாமி என்று கூப்பிடவில்லை,
அன்ரி என்றும் இல்லை.
ஒரு சொல்லைச் சுற்றிச் சுற்றியே
பேசிக்கொண்டிருந்தான், கிணற்றைச் சுற்றி நடப்பதுபோல.

"போயிற்று வாறன்," என்றான்.
மூச்செடுத்தான்.
"பாத்துப் போ, மனே," என்றா அம்மா.
உதடுகள் விரிந்து 'சி' என்று அவன் தொடங்குவதைக் கண்டேன்.

என் பெருவிரல் ஆரனை அழுத்தியது.
அரசடி நாயெல்லாம் எழும்பிக் குரைக்கும்வரை
எடுக்கவில்லை.

எடுத்தபோது
அம்மா அவனைப் பார்க்கவில்லை.
என்னைப் பார்த்தா.

அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு
"நாளைக்கும் வரட்டா?" என்றான்,
எங்கள் இருவரில் யாரைக் கேட்டான் என்று தெரியாமல்.

இருவரும் தலையாட்டினோம்.